புத்தகத் தலைப்பு, வீடியோ தலைப்பு: சட்டப்படி காப்பது எப்படி? முழுமையான வழிகாட்டி

சென்னைப் புத்தகக் கண்காட்சி நெருங்கும்போதெல்லாம் பதிப்பகங்களுக்கு வரும் கேள்வி ஒன்று உண்டு. “நான் வைத்த தலைப்பையே இன்னொருத்தர் வைத்துவிட்டார். காப்பிரைட் கேஸ் போடலாமா?” இப்போது யூடியூப் சேனல் நடத்துகிறவர்களும் அதையே கேட்கிறார்கள்.

காப்பிரைட் (பதிப்புரிமை) கேஸ் நிற்காது. அதற்காகக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதும் இல்லை, வேறு வழிகள் இருக்கின்றன. ஆனால் அந்த வழிகள் தலைப்பை முதலில் யோசித்தவருக்கு உதவுவதில்லை. யார் அந்தத் தலைப்பைப் புழங்கி, அதன் மூலம் மக்களிடம் அறியப்பட்டாரோ அவருக்குத்தான் உதவும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான் போகும்.

இந்தியச் சட்டத்தை வைத்து எழுதுகிறேன். வழக்கு என்று வந்துவிட்டால் அறிவுசார் சொத்துரிமை வழக்குகள் நடத்தும் வக்கீலைப் பார்த்தே ஆக வேண்டும்.

காப்பிரைட் ஏன் உதவாது?

1957ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம், 13ஆம் பிரிவில், எவற்றுக்கெல்லாம் உரிமை உண்டு என்று சொல்கிறது: இலக்கியம், நாடகம், இசை, ஓவியம் போன்ற படைப்புகள், திரைப்படம், ஒலிப்பதிவு. தலைப்பு இதில் எதிலும் அடங்காது. நான்கைந்து சொற்களை ஒரு ‘படைப்பு’ என்று சட்டம் எடுத்துக்கொள்வதில்லை.

இதை உச்ச நீதிமன்றமே 2015 அக்டோபரில் தெளிவாகச் சொல்லிவிட்டது. மும்பையில் ஒருவர் 2008இல் ‘தேசி பாய்ஸ்’ என்ற தலைப்பில் ஒரு கதைச் சுருக்கம் எழுதி, திரைப்பட எழுத்தாளர் சங்கத்தில் பதிந்து வைத்திருந்தார். 2011இல் அதே பெயரில், ஆங்கில எழுத்துக்கூட்டலில் கடைசி எழுத்தை மட்டும் மாற்றி, ஒரு பெரிய இந்திப் படம் வந்தது. அவர் குற்ற வழக்கே தொடுத்தார். கதையைத் திருடிவிட்டார்கள் என்பது அவருடைய புகார் இல்லை, தலைப்பை எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான். தலைப்பு தனியாக நிற்கிற ஒரு படைப்பு ஆகாது, தனக்குப் பின்னால் வரும் படைப்பைச் சுட்டுவது மட்டுமே அதன் வேலை, அதற்குப் பதிப்புரிமை கிடையாது என்று சொல்லி நீதிமன்றம் வழக்கை ரத்து செய்தது. அந்த இரண்டு சொற்களும் எல்லோரும் புழங்கும் சாதாரணச் சொற்கள் என்பதையும் தீர்ப்பு குறிப்பிட்டது.

தமிழ் சினிமா பார்ப்பவர்களுக்கு இது புதிதாக இருக்காது. ‘பொல்லாதவன்’ 1980இல் வந்தது, 2007இலும் வந்தது. ‘படிக்காதவன்’ 1985, 2009. ‘நான் மகான் அல்ல’ 1984, 2010. ‘மாவீரன்’ 1986, 2023. பெயர்தான் ஒன்று, கதைகள் வேறு வேறு.

இன்னொரு உதாரணம் ‘பொன்னியின் செல்வன்’. கல்கி 1954இல் மறைந்தார். ஆசிரியர் இறந்த பிறகு 60 ஆண்டு என்ற கணக்குப்படி 2014 முடிவில் பதிப்புரிமை தீர்ந்தது. அதற்கு முன்பே தமிழக அரசு அவர் நூல்களை நாட்டுடைமை ஆக்கியிருந்தது. இன்று அதை எத்தனையோ பதிப்பகங்கள் அச்சிடுகின்றன. அத்தனைக்கும் அட்டையில் அதே தலைப்புதான் இருக்க முடியும், ஏனென்றால் அந்தப் புத்தகத்துக்கு வேறு பெயர் இல்லை. தலைப்பை மட்டும் ஒரு பதிப்பகம் காலவரையின்றிப் பிடித்து வைத்துக்கொள்ள முடிந்தால், நாட்டுடைமை என்பதற்கே அர்த்தம் இருக்காது. தனி ஒரு நூலின் தலைப்புக்குச் சட்டம் தாராளமாக உரிமை கொடுக்காததற்கு முக்கியமான காரணங்களில் இதுவும் ஒன்று. எனக்கு இது நியாயமாகத்தான் படுகிறது.

சரி, மிச்சம் இருக்கும் வழிகள் இரண்டு. ஒன்று, டிரேட்மார்க் பதிவு, அதாவது தொழிலில் பயன்படுத்தும் பெயரை வணிகக் குறியாக அரசிடம் பதிந்துகொள்வது. இன்னொன்று, பதிவு இல்லாமலே உதவும் ‘பாஸிங் ஆஃப்’. ஒருவர் தன் சரக்கை உங்கள் சரக்கு என்று மக்கள் நம்பும்படி விற்றால், அதைத் தடுக்கும் உரிமை அது. இரண்டையும் தாங்கி நிற்பது 1999ஆம் ஆண்டின் டிரேட்மார்க் சட்டம்.

படி 1: உங்கள் தலைப்பு எந்த ரகம்?

பணம் செலவழிக்கும் முன் இரண்டு கேள்விகள் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதல் கேள்வி: இது ஒரே ஒரு புத்தகத்தின் பெயரா, அல்லது வரிசையாக வரப்போகிற தொடரின் பெயரா? டெல்லி உயர் நீதிமன்றம் 2007இல் ‘நிஷப்த்’ வழக்கில் இந்த வேறுபாட்டை விரிவாகப் பேசியது. அதே பெயரில் முன்பே ஒரு வங்காளப் படம் எடுத்து விழாக்களில் திரையிட்டிருந்த நிறுவனம், அமிதாப் பச்சன் நடித்த இந்திப் படத்தை நிறுத்தக் கேட்டது. தொடரின் தலைப்பு எளிதாக டிரேட்மார்க் ஆகும், ஒற்றைப் படைப்பின் தலைப்புக்கு அந்தத் தகுதி வர வேண்டுமென்றால் அந்தப் பெயரைக் கேட்டதும் இன்னாருடையது என்று மக்கள் நினைக்கும் அளவுக்கு அது பரவியிருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். வங்காளப் படம் திரையரங்குகளுக்கு வந்திருக்கவில்லை, வழக்கும் தாமதமாக வந்தது. தடை கிடைக்கவில்லை.

இரண்டாவது கேள்வி: தலைப்பு உள்ளே இருக்கும் சரக்கை அப்படியே சொல்கிறதா? ‘சர்க்கரை நோயாளிகளுக்கான சமையல்’ என்பதை யாரும் யாருக்கும் தடுக்க முடியாது. அந்த விஷயத்தைப் பற்றி எழுதுகிற எல்லோருக்கும் அந்தச் சொற்கள் தேவை. டிரேட்மார்க் சட்டத்தின் 9ஆம் பிரிவு இப்படிப்பட்ட பெயர்களைப் பதிய மறுக்கிறது.

மேலே போக ஒரு கற்பனை உதாரணத்தைப் பிடித்துக்கொள்வோம். ஒருவர் வாரம் ஒரு கீரையை எடுத்து, வளர்ப்பது முதல் சமைப்பது வரை வீடியோ போடுகிறார். தொடருக்குப் பெயர் ‘கிழமைக் கீரை’. பிறகு அதையே புத்தகமாகவும் கொண்டுவர நினைக்கிறார். இந்தப் பெயர் பரவாயில்லை ரகம். கீரை என்ற சொல்லுக்கு யாரும் தனியுரிமை கேட்க முடியாது, ஆனால் இரண்டு சொற்களும் சேர்ந்த சேர்க்கை வழக்கில் இல்லாதது. அதோடு தொடர்ப் பெயர். பதிய முயற்சி செய்யலாம்.

ஒற்றை நாவலின் தலைப்பைப் பதிய வேண்டும் என்று யாராவது கேட்டால், அந்தப் பணத்தை விளம்பரத்துக்குச் செலவழியுங்கள் என்றுதான் சொல்வேன்.

படி 2: தேடிப் பாருங்கள்

இந்திய டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் இலவசமாகத் தேடலாம். அங்கே வகுப்பு எண் கேட்கும். நமக்கு வேண்டியவை பெரும்பாலும் மூன்று:

- வகுப்பு 16: அச்சிட்ட புத்தகம், பத்திரிகை
- வகுப்பு 9: இறக்கிக்கொள்ளும் மின்னூல், பதிவு செய்த வீடியோ, டிஸ்க்
- வகுப்பு 41: பொழுதுபோக்கு, கல்வி, படத் தயாரிப்பு, இணையத்தில் பார்க்கும் வீடியோ, பதிப்புச் சேவை

சொல்லை வைத்துத் தேடுவது ஒன்று, ஒலியை வைத்துத் தேடுவது இன்னொன்று. தமிழ்ப் பெயர்களுக்கு இரண்டாவதை விடவே கூடாது. ‘கிழமை’யில் உள்ள ழகரத்தை ஒருவர் இசட்-எச் போட்டு எழுதியிருப்பார், இன்னொருவர் வெறும் எல் போட்டிருப்பார். ககரத்துக்கு கே, ஜி இரண்டும் வரும். நீங்கள் எழுதும் விதத்தில் மட்டும் தேடிவிட்டு “யாரும் இல்லை” என்று முடிவு கட்டாதீர்கள். நான்கைந்து விதமாக எழுதிப் பாருங்கள்.

பதிவகத்தில் இல்லை என்றால் காலி என்று அர்த்தமில்லை. பதியாமலே பத்து வருடமாக அந்தப் பெயரில் சேனல் நடத்துபவர் இருந்தால், முன்பிருந்தே பயன்படுத்துபவர் என்ற முறையில் 34ஆம் பிரிவு அவரைக் காக்கும், நீங்கள் பதிவு வாங்கிய பிறகும்கூட. ஆகவே யூடியூப், பாட்காஸ்ட் தளங்கள், இணையப் புத்தகக் கடைகள், கன்னிமாரா நூலகப் பட்டியல் எல்லாவற்றையும் ஒரு சுற்று பாருங்கள்.

படி 3: முதல் நாளிலிருந்தே சான்று சேருங்கள்

எல்லோரும் அலட்சியப்படுத்தும் இடம் இதுதான். வழக்கோ பதிவோ எதுவானாலும் கடைசியில் கேட்கப்படுவது: இந்தப் பெயரை எப்போதிலிருந்து, எவ்வளவு பேரிடம், எந்த அளவுக்குப் பயன்படுத்தினீர்கள்?

புத்தகத்துக்கு முதலில் ஐஎஸ்பிஎன் என்ற சர்வதேசப் புத்தக அடையாள எண். டெல்லியில் மத்தியக் கல்வி அமைச்சகத்தின் கீழுள்ள ராஜா ராம்மோகன் ராய் முகமை இலவசமாகத் தருகிறது. இது தலைப்புக்கு உரிமை தராது. ஒரே தலைப்புள்ள இரண்டு புத்தகங்களுக்கு இரண்டு எண்கள் கிடைக்கும், யாரும் தடுக்க மாட்டார்கள். ஆனாலும் தேதியோடு ஒரு பதிவு உண்டாகிறது.

அப்புறம், 1954ஆம் ஆண்டின் நூல் வழங்கல் சட்டம். புத்தகம் வெளியான 30 நாளுக்குள் பதிப்பாளர் தன் செலவில் கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும், சென்னை கன்னிமாரா உள்ளிட்ட மற்ற பொது நூலகங்களுக்கும் பிரதி அனுப்ப வேண்டும். தவறினால் அபராதம் 50 ரூபாயும் புத்தகத்தின் விலையும்தான் என்பதால் பல சிறு பதிப்பகங்கள் கண்டுகொள்வதில்லை. சட்டத்துக்குப் பயந்து வேண்டாம், உங்கள் நன்மைக்காகவே அனுப்புங்கள். கன்னிமாராவிலிருந்து வரும் ஒப்புகைச் சீட்டு, இந்தத் தலைப்பில் இந்தப் புத்தகம் இந்தத் தேதியில் இருந்தது என்பதற்கு எதிராளி மறுக்க முடியாத சான்று.

இவற்றோடு அச்சகப் பில், கண்காட்சி விற்பனை ரசீது, நூலக ஆணை, மதிப்புரை வந்த பத்திரிகைப் பக்கம், விளம்பரத்துக்குக் கட்டிய பணத்தின் கணக்கு எல்லாம் ஒரு கோப்பில் இருக்கட்டும். வீடியோ என்றால் பதிவேற்றிய தேதி தெரியும் பக்கம், மாதவாரிப் பார்வைக் கணக்கு, விளம்பர வருமானப் பட்டியல், ஸ்பான்சருடன் போட்ட ஒப்பந்தம். திரைப்பிடிப்புகளை நீதிமன்றத்தில் வைக்க வேண்டுமானால், 2024 ஜூலை முதல் நடப்பில் உள்ள பாரதிய சாக்ஷிய அதிநியமம் என்ற புதிய சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி ஒரு சான்றிதழ் இணைக்க வேண்டும். அதனால் எந்தக் கருவியில், யார், எப்போது எடுத்தது என்ற குறிப்பையும் கூடவே எழுதி வையுங்கள்.

தலைப்பை ஒரு தாளில் எழுதித் தனக்குத் தானே ரெஜிஸ்டர் தபாலில் அனுப்பிப் பிரிக்காமல் வைத்திருப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். நீங்கள் அதை யோசித்தீர்கள் என்பதற்கு மேல் அந்தக் கவர் எதையும் நிரூபிக்காது. யோசித்ததற்கு உரிமை கிடையாது என்பதைத்தான் மேலே பார்த்தோம்.

படி 4: சினிமா என்றால் சங்கப் பதிவு

தென்னிந்தியத் திரைப்பட வர்த்தக சபை, தமிழ்த் திரைப்படத் தயாரிப்பாளர் சங்கம், கில்டு என்று தலைப்புப் பதியும் அமைப்புகள் பல. படத் தயாரிப்பில் இருப்பவர்கள் இதைச் செய்தே ஆக வேண்டும், தொழில் நடப்பு அப்படி. ஆனால் இதன் பலத்தை மிகையாக நினைத்துவிடக் கூடாது. சங்கம் தன் உறுப்பினர்களுக்குள் போட்டுக்கொண்ட ஏற்பாடு இது. நாட்டின் சட்டம் தரும் உரிமையாக ஆகிவிடாது.

‘கரு’ என்ற தலைப்பு 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் வரை போனது. தலைப்பை முன்பே பதிந்து வைத்திருந்ததாகச் சொன்ன தயாரிப்பாளர் ஒரு பக்கம், லைகா நிறுவனம் மறுபக்கம். தலைப்புக்குப் பதிப்புரிமை இல்லை என்ற நிலையை இரு நீதிபதிகள் அமர்வு (டிவிஷன் பெஞ்ச்) அங்கேயும் சொன்னது. படம் கடைசியில் ‘தியா’ என்ற பெயரில்தான் திரைக்கு வந்தது.

மொழிக்கு மொழி பதிவு தனி என்பதும் தொல்லை. 2025 ஜனவரியில் ‘பராசக்தி’ என்ற பெயரை இரண்டு படக்குழுக்கள் அறிவித்தன: சிவகார்த்திகேயன் படம் ஒன்று, விஜய் ஆண்டனி படத்தின் தெலுங்குப் பதிப்பு இன்னொன்று. விஜய் ஆண்டனி தரப்பு தெலுங்குத் தலைப்பைப் பதிந்த கடிதத்தை வெளியிட்டது. இரு தரப்பும் பேசி முடித்தார்கள், அந்தத் தெலுங்குப் பதிப்பு ‘பத்ரகாளி’ ஆனது. இரண்டு படங்களும் பல மொழிகளில் வெளியாகும் காலத்தில், ஒரு மொழிக்கு மட்டும் பதிந்து வைப்பது பாதி வேலைதான்.

தணிக்கைச் சான்றிதழில் தலைப்பு அச்சாகியிருப்பதாலும் உரிமை வந்துவிடாது. அதற்கு மேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

படி 5: டிரேட்மார்க் விண்ணப்பம்

‘கிழமைக் கீரை’க்காரர் இதுவரை எல்லாம் செய்துவிட்டார் என்று வைத்துக்கொள்வோம். இனி டிஎம்-ஏ படிவம்.

கட்டணம்: தனிநபர், ஸ்டார்ட்-அப், சிறு நிறுவனம் என்றால் இணையவழியில் ஒரு வகுப்புக்கு ரூ.4,500. மற்றவர்களுக்கு ரூ.9,000. நேரில் தாளாகக் கொடுத்தால் ரூ.5,000, ரூ.10,000. சிறு நிறுவனம் என்ற சலுகைக்கு உத்யம் சான்றிதழ் (குறு, சிறு தொழில்களுக்கான அரசுப் பதிவு) வேண்டும். வீடியோவுக்கு 41, புத்தகத்துக்கு 16 என்று இரண்டு வகுப்பு போட்டால் தனிநபருக்கு ரூ.9,000 ஆகும். இது அரசுக் கட்டணம் மட்டுமே, ஏஜென்ட் கட்டணம் தனி. தமிழ்நாட்டு விண்ணப்பங்கள் சென்னை கிண்டியில் உள்ள அலுவலகத்தின் கீழ் வரும்.

படிவத்தில் கவனிக்க வேண்டிய இடங்கள்:

யார் பெயரில்? சேனல் உங்கள் பெயரில், பதிப்பகம் மனைவி பெயரில், வங்கிக் கணக்கு கூட்டு நிறுவனத்தின் பெயரில் என்று இருந்தால், முதலில் அதை ஒழுங்குபடுத்துங்கள். யார் உண்மையில் அந்தப் பெயரில் தொழில் செய்கிறாரோ அவர்தான் விண்ணப்பிக்க வேண்டும். எழுத்தாளரும் பதிப்பாளரும் சேர்ந்து உருவாக்கிய தொடர் என்றால், தொடர்ப் பெயர் யாருக்கு என்பதை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுதிவிடுங்கள். சண்டைகள் பாதி இங்கேதான் பிறக்கின்றன.

எழுத்தா, லோகோவா? கையில் ஒரு விண்ணப்பத்துக்குத்தான் பணம் இருக்கிறது என்றால் என் வாக்கு எழுத்துக்கு. லோகோவை இரண்டு வருடத்தில் மாற்றிவிடுவீர்கள், பெயர் நிற்கும்.

தமிழ் எழுத்தில் பதிந்தால், ஆங்கிலத்திலோ இந்தியிலோ ஒலிபெயர்ப்பும் பொருளும் கொடுத்து, இது தமிழ் என்றும் குறிப்பிட வேண்டும். ஒலிபெயர்ப்பை உங்கள் சேனல் முகவரியில் எப்படி எழுதியிருக்கிறீர்களோ அப்படியே கொடுங்கள்.

எப்போதிலிருந்து பயன்பாட்டில் இருக்கிறது? இனிமேல்தான் என்றால் ‘பயன்படுத்தப் போவது’ என்று போடலாம். ஏற்கெனவே பயன்படுத்துகிறீர்கள் என்றால் முதல் தேதியைச் சொல்லி, சான்றுகளோடு பிரமாணப் பத்திரம் இணைக்க வேண்டும். படி 3இல் சேர்த்த கோப்பு இங்கே கைகொடுக்கும். தேதியைக் கூட்டிச் சொல்லாதீர்கள். வீடியோ பதிவேற்றிய நாளை யாரும் ஒரு சொடுக்கில் பார்க்கலாம்.

விண்ணப்ப எண் கிடைத்தவுடன் பெயருக்குப் பக்கத்தில் டிஎம் குறி போட்டுக்கொள்ளலாம். வட்டத்துக்குள் ஆர் போடும் குறி மட்டும் பதிவுச் சான்றிதழ் வந்த பிறகுதான். பதியாத பெயரைப் பதிந்ததாகக் காட்டுவது 107ஆம் பிரிவுப்படி தவறு. முன்பு அதற்கு மூன்று ஆண்டுவரை சிறை இருந்தது, 2024 ஆகஸ்ட் முதல் அதற்குப் பதில் பணத் தண்டனை.

அடுத்து பரிசோதனை அறிக்கை வரும். பெரும்பாலும் இரண்டு ஆட்சேபங்களில் ஒன்று இருக்கும். 9ஆம் பிரிவு என்றால் “பெயர் சரக்கை வர்ணிக்கிறது” என்கிறார்கள். 11ஆம் பிரிவு என்றால் “இதேபோல் முன்பே ஒன்று இருக்கிறது” என்கிறார்கள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் ஒரு மாதத்துக்குள் பதில் தராவிட்டால் விண்ணப்பம் கைவிடப்பட்டதாகிவிடும். மின்னஞ்சல் குப்பைப் பெட்டியில் போய் விழுந்த அறிக்கையால் விண்ணப்பத்தை இழப்பதும் நடக்கிறது. ஆகவே பதிவகத் தளத்தில் உங்கள் எண்ணைப் போட்டு அவ்வப்போது நிலையைப் பாருங்கள். பதிலில் ‘கிழமைக் கீரை’க்காரர் சொல்ல வேண்டியது: கீரை என்ற சொல்லைக் கேட்கவில்லை, முழுச் சேர்க்கையைக் கேட்கிறேன், இத்தனை மாதமாக இத்தனை பேர் இந்தப் பெயரில் என்னை அறிவார்கள்.

ஏற்றுக்கொண்டால் டிரேட்மார்க் இதழில் வெளியிடுவார்கள். அதிலிருந்து நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். எதிர்ப்பு இல்லை என்றால் பதிவு. விண்ணப்பித்த நாளிலிருந்தே அது செல்லும், பத்து ஆண்டு நிற்கும், பிறகு பத்துப் பத்து ஆண்டாகப் புதுப்பித்துக்கொண்டே போகலாம். ஒன்று மட்டும்: பதிந்துவிட்டு ஐந்து ஆண்டும் மூன்று மாதமும் பயன்படுத்தாமல் போட்டுவைத்தால், 47ஆம் பிரிவுப்படி அதை நீக்கச் சொல்லி மற்றவர் கேட்க முடியும். நல்ல தலைப்புகளாகப் பொறுக்கிப் பதிந்து பூட்டி வைக்கும் ஆசை உள்ளவர்களுக்கு இதைச் சொல்கிறேன்.

பதிவு கிடைத்த பிறகும் உரிமை முழுப் பெயருக்குத்தான், அதன் துண்டுகளுக்கு இல்லை என்கிறது 17ஆம் பிரிவு. இன்னொருவர் ‘பத்து நிமிடத்தில் முருங்கைக் கீரைப் பொரியல்’ என்று வீடியோ போட்டால் சிரித்துவிட்டுப் போக வேண்டியதுதான். ‘கிழமைதோறும் கீரை’ என்று தொடரே ஆரம்பித்தால் பேச இடமுண்டு.

பத்திரிகை மட்டும் வேறு கதை

மாத இதழ், வார இதழ் நடத்துவதானால் தலைப்புக்கு அரசே பதிவேடு வைத்திருக்கிறது. 2024 மார்ச் 1 முதல் நடப்புக்கு வந்த பத்திரிகை மற்றும் பருவ இதழ்கள் பதிவுச் சட்டப்படி, இணையத்தில் விண்ணப்பித்து தலைப்புக்கு ஒப்புதல் வாங்க வேண்டும். அதே மொழியில் நாட்டில் எங்கும், அல்லது அதே மாநிலத்தில் எந்த மொழியிலும், அதே பெயரோ அதைப் போன்ற பெயரோ இருந்தால் கிடைக்காது. புத்தகங்கள் இந்தச் சட்டத்துக்குள் வருவதில்லை.

படி 6: யாராவது எடுத்துக்கொண்டால்

முதலில் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். தாமதம்தான் இந்த வழக்குகளைக் கொல்கிறது. 2006இல் கரண் ஜோஹரின் ‘கபி அல்விதா நா கெஹ்னா’ படத்தை நிறுத்தக் கேட்ட வழக்கில் டெல்லி உயர் நீதிமன்றம் இடைக்காலத் தடை மறுத்ததற்குத் தாமதமும் ஒரு காரணம். அந்தச் சொற்றொடர் ஒரு பழைய இந்திப் பாட்டால் எல்லோருக்கும் தெரிந்தது என்பது இன்னொன்று. பதிந்த பெயரானாலும், எதிராளி தன் பெயரைப் பதிந்து பயன்படுத்துவது தெரிந்தே ஐந்து ஆண்டு சும்மா இருந்துவிட்டால் டிரேட்மார்க் சட்டத்தின் 33ஆம் பிரிவு உங்கள் கையைக் கட்டிவிடும்.

யூடியூபில் புகார் கொடுக்கும்போது சரியான கதவைத் தட்டுங்கள். காப்பிரைட் புகார்ப் படிவம் தலைப்புக்கு உதவாது. ஒலியையும் காட்சியையும் ஒப்பிட்டுப் பிடிக்கும் கன்டென்ட் ஐடியும் தலைப்பைப் பார்க்காது. டிரேட்மார்க் புகாருக்குத் தனிப் படிவம் உண்டு. உங்கள் பெயரும் படமும் வைத்து உங்களைப் போலவே சேனல் நடத்தினால் ஆள்மாறாட்டப் புகார். தலைப்புக்காகக் கோபத்தில் காப்பிரைட் ஸ்ட்ரைக் கொடுத்தால் அது உங்கள் மேலேயே திரும்பும்: ஆதாரமில்லாத மிரட்டலுக்கு எதிராக வழக்குத் தொடுக்கப் பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு எதிராளிக்கு வழி தருகிறது. டிரேட்மார்க் சட்டத்திலும் 142ஆம் பிரிவு அப்படி ஒன்று.

அதன் பிறகு நோட்டீஸ். வக்கீல் மூலமாகப் போவதற்கு முன் நேராக ஒரு மின்னஞ்சல் எழுதிப் பாருங்கள். சிறு பதிப்பகமோ சேனலோ என்றால் எதிராளிக்குப் பெரும்பாலும் உங்கள் தொடர் இருப்பதே தெரிந்திருக்காது. முதல் பதிப்புத் தீர்ந்ததும் தலைப்பை மாற்றுகிறேன் என்று ஒத்துக்கொண்டால், அதை எழுத்தில் வாங்கிக்கொண்டு விட்டுவிடுவது நல்லது.

வழக்குதான் என்றால் பதிந்தவருக்கு உரிமை மீறல் வழக்கு, பதியாதவருக்குப் பாஸிங் ஆஃப். பதிந்தவர் தான் வசிக்கும், தொழில் செய்யும் ஊரிலேயே வழக்குப் போட 134ஆம் பிரிவு இடம் தருகிறது. பாஸிங் ஆஃப் வழக்கில் மூன்றை நிரூபிக்க வேண்டும்: உங்களுக்கு அந்தப் பெயரில் நற்பெயர் இருக்கிறது, எதிராளி மக்கள் குழம்பும்படி நடந்துகொண்டார், அதனால் உங்களுக்கு நட்டம். அவசரத் தடை கேட்காத வணிக வழக்காக இருந்தால் முதலில் சமரச முயற்சிக்குப் போய்விட்டுத்தான் வர வேண்டும். சென்னை உயர் நீதிமன்றத்தில் 2023 முதல் அறிவுசார் சொத்துரிமைக்கென்று தனிப் பிரிவே இயங்குகிறது.

ஒற்றைப் படைப்பின் தலைப்புக்குப் பெரிய வெற்றியே கிடைக்காது என்றும் சொல்லிவிட முடியாது. 1975இல் வந்த ‘ஷோலே’யின் பெயரில் ஒருவர் இணையதளம் நடத்தினார், பொருள்களும் விற்றார். இருபது ஆண்டுக்கு மேல் நடந்த வழக்கில் 2022இல் டெல்லி உயர் நீதிமன்றம் படத் தரப்புக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்து, 25 லட்ச ரூபாய் செலவுத் தொகையும் கட்டச் சொன்னது. அந்தப் பெயரைக் கேட்டால் யாருக்கும் வேறு எதுவும் நினைவுக்கு வராது. அந்த உயரத்தில் இருக்கும் தலைப்புகளை விரல்விட்டு எண்ணிவிடலாம்.

நோட்டீஸ் உங்களுக்கு வந்தால்

தலைப்பு சட்டத்தில் சிக்குவது இன்னொரு புத்தகத்தோடுதான் என்று இல்லை. விக்னேஷ் சிவன் தன் படத்துக்கு ‘எல்ஐசி’ என்று பெயர் அறிவித்ததும் 2024 ஜனவரியில் ஆயுள் காப்பீட்டுக் கழகம் நோட்டீஸ் அனுப்பியது. அதே தலைப்பை முன்பே பதிந்து வைத்திருப்பதாக இன்னொரு இயக்குநரும் சொன்னார். தலைப்பு பிறகு ‘லவ் இன்சூரன்ஸ் கொம்பனி’ என்று மாறியது. நாடறிந்த பிராண்டின் பெயரைத் தலைப்பாக வைக்கும் ஆசை வந்தால் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

நோட்டீஸ் கையில் கிடைத்ததும் மூன்றைப் பாருங்கள். அனுப்பியவர் எந்தச் சட்டத்தைச் சொல்கிறார்? பதிப்புரிமை மட்டும் என்றால் மேலே சொன்ன உச்ச நீதிமன்றத் தீர்ப்பே பதில். டிரேட்மார்க் எண் கொடுத்திருந்தால் பதிவகத் தளத்தில் போட்டுப் பாருங்கள். பதிவா, வெறும் விண்ணப்பமா, எந்த வகுப்பு? சங்கப் பதிவு மட்டும் என்றால், நீங்கள் அந்தச் சங்கத்து உறுப்பினரா? அப்புறம், யார் முதலில் பயன்படுத்தினார்கள் என்ற தேதி. நோட்டீசுக்குப் பதில் அனுப்பாமல் இருப்பது மட்டும் வேண்டாம்.

வெளிநாட்டுக்குப் போகும்போது

டிரேட்மார்க் உரிமை நாட்டுக்கு நாடு தனி. இந்தியப் பதிவு கொழும்பிலோ டொரன்டோவிலோ செல்லாது. சட்டமும் வேறு. ஜெர்மனியில் படைப்புத் தலைப்புக்கென்றே டிரேட்மார்க் சட்டத்தில் தனி உரிமை இருக்கிறது (5ஆம் பிரிவு). பதிய வேண்டியதில்லை, தனித்தன்மையுள்ள தலைப்பை வெளியிட்டாலே போதும். புத்தகம் வருவதற்கு முன்பே தொழில்முறை இதழில் இந்தத் தலைப்பு எனக்கு என்று விளம்பரம் கொடுத்து இடம் பிடித்து வைக்கலாம், ஆனால் சில மாதத்துக்குள் படைப்பு வெளிவந்துவிட வேண்டும். அமெரிக்கா இதற்கு நேர் எதிர்: ஒற்றைப் புத்தகத்தின் தலைப்பை டிரேட்மார்க்காகப் பதியவே மாட்டார்கள், தொடர் என்றால் பதிவார்கள். அங்கே விற்கும் எண்ணம் உள்ளவர்கள் இரண்டாம் பாகம் வெளியாகும் வரை விண்ணப்பத்தைத் தள்ளிப்போடலாம்.